ஏழு வயதானால் பையன் தகப்பன் வீட்டுக்கா? இஸ்தான்புல் வாசகிக்குச் சட்ட ஆலோசனை

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் கோவை. இந்து. வேலைக்காக இஸ்தான்புல் வந்த இடத்தில் துருக்கிக்காரர் ஒருவரை விரும்பி 2016-இல் கல்யாணம் செய்துகொண்டேன். நகராட்சியில் பதிவு முடிந்த பிறகு, மாமியார் ஆசைப்பட்டதால் வீட்டில் இமாமை வைத்து நிகாஹும் நடந்தது. மகனுக்கு அடுத்த மாதம் ஏழு வயது, மகளுக்கு மூன்று. நான்கு மாதத்துக்கு முன் ஒரு சண்டையில் கணவர் என் கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிட்டு அவருடைய அம்மா வீட்டுக்குப் போனவர் திரும்பவில்லை. போன வாரம் போனில் மூன்று முறை தலாக் சொல்லி, இனி நீ என் மனைவி இல்லை என்றார். "ஏழு வயதானால் பையன் எங்களுக்கு. பெண் பெரியவளாகும் வரை உன்னிடம் இருக்கட்டும். நீ மதம் மாறாதவள், எந்த ஜட்ஜும் உனக்குத் தர மாட்டார்" என்கிறார் மாமியார். ஜூனில் பள்ளி விடுமுறை விட்டதும் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு சத்தமில்லாமல் கோவைக்கு வந்துவிடலாமா? பிள்ளைகளிடம் துருக்கி பாஸ்போர்ட்டும் ஓசிஐ அட்டையும் இருக்கின்றன. நாங்கள் இருக்கும் கடிக்கொய் வீடு கணவர் பெயரில். கல்யாணத்தில் எனக்குப் போட்ட தங்கம் முழுக்க மாமியார் கையில்.

பதில்: போனில் மூன்று முறை சொன்னதால் உங்கள் திருமணம் முறியவில்லை. முப்பது முறை சொன்னாலும் முறியாது. துருக்கியில் திருமணத்தை உண்டாக்குவது நகராட்சிப் பதிவு, முடித்துவைப்பது குடும்ப நீதிமன்றத் தீர்ப்பு. இரண்டுக்கும் நடுவில் வேறு வழி கிடையாது. வீட்டில் நடந்த நிகாஹுக்குச் சட்டம் எந்தப் பலனும் தருவதில்லை. சிவில் சட்டத்தின் 143ஆம் பிரிவுப்படி, பதிவுத் திருமணம் முடிந்து கையில் கொடுக்கப்படும் குடும்பச் சான்றேட்டைக் காட்டாமல் மதச் சடங்கு நடத்துவதே கூடாது. 2017-இல் அரசின் மத அதிகாரிகளான முஃப்திகளுக்குத் திருமணப் பதிவு அதிகாரம் கொடுத்தார்கள். அங்கேயும் நடப்பது சிவில் திருமணம்தான்.

ஏழு வயதுக் கணக்கை மாமியார் கற்பனையாகச் சொல்லவில்லை. இஸ்லாமியச் சட்ட மரபுகளில் ஒன்றான ஹனஃபி ஃபிக்ஹில் உள்ள கணக்கு அது. ஹிஸானத் என்ற பெயரில் நம் ஊர் முஸ்லிம் குடும்பங்களுக்கும் தெரிந்ததுதான், இந்தியாவின் முஸ்லிம் தனிச்சட்டத்தில் அதற்கு இன்றும் இடம் உண்டு. துருக்கி ஸ்விட்சர்லாந்தின் சிவில் சட்டத்தை எடுத்துக்கொண்ட 1926-இலேயே அதை விட்டுவிட்டது. இப்போது நடப்பில் உள்ளது 2002 ஜனவரி 1 முதல் அமலான 4721ஆம் எண் சிவில் சட்டம். அதில் பிள்ளையின் பொறுப்பை (அங்கே வெலாயெத் என்பார்கள்) வயதை வைத்தோ, ஆணா பெண்ணா என்று பார்த்தோ பிரிப்பதற்கு ஒரு வரி கூட இல்லை. திருமணம் நீடிக்கும்வரை 336ஆம் பிரிவுப்படி அப்பா, அம்மா இருவருக்கும் சேர்த்தே பொறுப்பு. விவாகரத்தானால் யாரிடம் விடுவது என்று நீதிபதி தீர்மானிப்பார். அளவுகோல் பிள்ளையின் நலன் மட்டுமே.

மதம் மாறாததும் உங்களுக்கு எதிராக நிற்காது. அரசியல் சாசனத்தின் 2ஆம் பிரிவு நாட்டை மதச்சார்பற்றது என்கிறது. துருக்கியைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமோ, தாயின் மதத்தைக் காரணமாகக் காட்டிப் பிள்ளையைப் பறித்தது உரிமை மீறல் என்று 1993-இலேயே ஹோஃப்மன் எதிர் ஆஸ்திரியா வழக்கில் சொல்லிவிட்டது. பிள்ளைக்கு எந்த மதக் கல்வி என்பதை முடிவு செய்யும் உரிமை சிவில் சட்டத்தின் 341ஆம் பிரிவின்படி பெற்றோருக்கு, அதாவது உங்களுக்கும். பள்ளியில் நான்காம் வகுப்பிலிருந்து வரும் மதப் பண்பாட்டுப் பாடம் வேறு விஷயம். அது அரசியல் சாசனமே கட்டாயமாக்கியது. அதில் விலக்கு வாங்குவது கிறிஸ்தவ, யூதப் பிள்ளைகளுக்கு எளிது, மற்றவர்களுக்குப் போராட்டம். ஆனால் இப்போது அந்தச் சண்டையைத் தொடங்காதீர்கள். முதலில் பிள்ளைகளின் பொறுப்பு உங்கள் பெயருக்கு வரட்டும்.

வழக்கில் ஏழாவது பிறந்தநாளை விட எட்டாவதுதான் கவனிக்க வேண்டியது. துருக்கியின் உயர் மேல்முறையீட்டு நீதிமன்றமான யார்கிதாய், எட்டு வயதை ஒட்டிய பிள்ளைக்கு நல்லது கெட்டது புரியும் என்று கொண்டு, அதன் விருப்பத்தைக் கேட்காமல் தீர்ப்பு எழுதினால் திருப்பி அனுப்பிவிடும். ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவும் ஐரோப்பிய உடன்படிக்கை ஒன்றும் இதற்கு அடிப்படை. உங்கள் வழக்கு ஓடும் காலத்தில் பையன் அந்த வயதைத் தொட்டுவிடுவான், அவனிடம் கேட்பார்கள். மகளைப் பொறுத்தவரை, மூன்று வயதில் தாயின் பராமரிப்பு தேவை என்பதற்கு நீதிமன்றங்கள் அதிக எடை கொடுக்கின்றன. உடன்பிறந்தவர்களைப் பிரிக்கக் கூடாது என்பதும் அங்கே ஊறிப்போன வழக்கம். இன்றைய நிலவரத்தில் இரண்டு பிள்ளைகளும் உங்களிடம் வரவே வாய்ப்பு அதிகம்.

இவ்வளவு சாதகமாக இருக்கும்போது, சொல்லாமல் விமானம் ஏறுவதுதான் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு.

காரணம் கிரிமினல் வழக்கு அல்ல. பிள்ளையைக் கடத்துவதற்கான துருக்கித் தண்டனைச் சட்டப் பிரிவு 234, பொறுப்பு பறிக்கப்பட்ட பெற்றோரைக் குறித்துப் பேசுகிறது. உங்கள் பொறுப்பை இன்னும் யாரும் பறிக்கவில்லை. நாடு தாண்டிக் கொண்டுபோன பிள்ளையைத் திருப்பி அனுப்பச் சொல்லும் 1980-இன் ஹேக் உடன்படிக்கையும் இங்கே பாயாது. துருக்கி 2000 ஆகஸ்டிலிருந்து அதில் இருக்கிறது, இந்தியா சேரவே இல்லை. "இந்தியா ஹேக்கில் இல்லை, வந்துவிட்டால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது" என்று உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால், அது பாதி உண்மை.

மீதிப் பாதி இப்படி. நீங்கள் கிளம்பிய மறுநாள் அவர் இஸ்தான்புல்லில் விவாகரத்து மனுப் போடுவார். வழக்கு அங்கேதான் நடக்கும். பிள்ளைகளை நேரில் பார்க்க முடியாத நிபுணர்கள் தகப்பன் வீட்டை மட்டும் பார்த்து அறிக்கை எழுதுவார்கள். அப்பா, அம்மா இருவரோடும் நேரடி உறவு வைத்துக்கொள்வது பிள்ளையின் உரிமை என்று 2010 திருத்தத்துக்குப் பின் அரசியல் சாசனத்தின் 41ஆம் பிரிவே சொல்கிறது. அந்த உறவை வெட்டியவர் என்ற பெயர் உங்கள் மேல் விழும். பொறுப்பு தீர்ப்பால் அவருக்குப் போன பிறகு நீங்கள் பிள்ளைகளை வைத்திருந்தால், மேலே சொன்ன 234ஆம் பிரிவின் நிழல் நிஜமாகவே உங்கள் மேல் படும். பாட்டியைப் பார்க்கப் பிள்ளைகளோடு துருக்கிக்கு ஒரு தடவை கூட வர முடியாது. அதோடு, அவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட எந்தத் தடையும் இல்லை. வெளிநாட்டு உத்தரவு கவனிக்க வேண்டிய பலவற்றில் ஒன்றுதான், பிள்ளையின் நலனே முதன்மை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் நித்யா ஆனந்த் ராகவன் வழக்கில் சொன்னது. அதே நீதிமன்றம் 2020-இல் யஷிதா சாஹு வழக்கில் பிள்ளையை அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பச் சொன்னது. எந்தப் பக்கம் விழும் என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். பிறந்து வளர்ந்தது முழுக்க இஸ்தான்புல்லில், கையில் துருக்கி பாஸ்போர்ட் என்பது உங்களுக்கு உதவாது. ஓசிஐ அட்டை விசா இல்லாமல் இந்தியாவில் இருக்க விடும், பிள்ளை யாருடையது என்பதில் அதற்குப் பேச்சே இல்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். கோவைக் குடும்ப நீதிமன்றத்தில் நீங்கள் வாங்கும் உத்தரவு, துருக்கியில் தனியாக ஏற்பு வழக்குப் போட்டு, இரு நாடுகளுக்கும் இடையே பரஸ்பரம் உண்டா என்ற கேள்வியைத் தாண்டினால்தான் அங்கே செல்லும். துருக்கி நீதிமன்ற உத்தரவுக்கு அந்தத் தலைவலி இல்லை. நாளைக்கு விடுமுறைக்கு அனுப்பிய பிள்ளைகளை அவர் திருப்பி அனுப்பாவிட்டால், உங்கள் கையில் துருக்கித் தீர்ப்பு இருந்தால் மட்டுமே அங்குள்ள அரசு இயந்திரம் உங்களுக்காக நகரும். அதை வாங்கிக்கொண்டு ஊருக்கு வாருங்கள்.

சரி, எப்படி வாங்குவது? நீங்கள் இந்தியர், அவர் துருக்கியர், இருவரும் குடியிருந்தது இஸ்தான்புல். இப்படிக் கலப்பு வழக்கில் இருவருக்கும் பொதுவான குடியிருப்பு நாட்டின் சட்டம் என்று 5718ஆம் எண் சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்வதால், துருக்கிச் சட்டமே பொருந்தும். மனுவை இருவரில் ஒருவர் வசிக்கும் இடத்திலோ, கடைசி ஆறு மாதம் சேர்ந்து வாழ்ந்த இடத்திலோ போடலாம். கடிக்கொய் என்பதால் உங்களுக்கு கர்தாலில் உள்ள அனடோலு நீதிமன்ற வளாகம். வழக்கறிஞருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரத்தில் விவாகரத்து என்று தனியாகக் குறிப்பிட்டு, உங்கள் புகைப்படமும் ஒட்டியிருக்க வேண்டும். சாதாரணப் பத்திரத்தோடு போய் ஒரு வாரத்தை வீணாக்குபவர்கள் உண்டு. துருக்கி மொழி நன்றாகப் பேசினாலும் நோட்டரியிடம் கையெழுத்துப் போடும்போது பதிவுபெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

மனுவின் முதல் பக்கத்திலேயே இடைக்கால உத்தரவுகளைக் கேட்க வேண்டும்: பிள்ளைகள் இருவரின் தற்காலிகப் பொறுப்பு உங்களுக்கு, மாதாந்தரப் பராமரிப்புத் தொகை, வீட்டில் தொடர்ந்து இருக்கும் உரிமை, பிள்ளைகள் நாட்டை விட்டு வெளியே போகத் தடை. சிவில் சட்டத்தின் 169ஆம் பிரிவுப்படி நீதிபதி இவற்றைத் தானாகவே பார்க்க வேண்டும் என்றாலும், கேட்டால்தான் சீக்கிரம் கிடைக்கும். இதற்கு நான் இவ்வளவு அழுத்தம் கொடுக்கக் காரணம் உண்டு. குடும்ப வழக்கின் தீர்ப்பு மேல்முறையீடுகள் முடிந்து இறுதியாகும்வரை நிறைவேற்றப்படாது. மேல்முறையீட்டுக்கு இரண்டு வாரக் கெடு, அதன் பின் இஸ்தினாஃப் எனப்படும் முதல்கட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், சில சமயம் யார்கிதாய் என்று வருடங்கள் போகும். அத்தனை நாளும் பிள்ளைகள் எங்கே தூங்குகிறார்கள் என்பதைத் தீர்மானிப்பது இந்த இடைக்கால உத்தரவுதான். வெளியேறத் தடை உங்களையும் சேர்த்துத்தான் கட்டும். அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நீங்களே கேட்டால், ஓடிப்போகத் திட்டமிடுபவர் அல்ல என்பதற்கு அதை விட நல்ல சாட்சி இல்லை.

ஒரு எச்சரிக்கை. அவர் போய் நான்கு மாதம் ஆகிறது என்பதால், 164ஆம் பிரிவின்படி 'விட்டுச் சென்றார்' என்ற காரணத்தில் போகலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். நான்கு மாதம் கழித்து நோட்டரி அல்லது நீதிபதி மூலம் "வீட்டுக்குத் திரும்பு" என்று நோட்டீஸ், மேலும் இரண்டு மாதம் பொறுத்து வழக்கு. பார்க்கச் சுத்தமான வழி. ஆனால் அந்த நோட்டீஸை அனுப்பியதும், அதற்கு முன் நடந்ததையெல்லாம் நீங்கள் மன்னித்துவிட்டதாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். கழுத்தைப் பிடித்துத் தள்ளியது கணக்கிலிருந்து போய்விடும். அவர் நோட்டீஸுக்கு மதிப்பு கொடுத்து பெட்டியோடு வாசலில் வந்து நின்றால் வழக்கே இல்லை. 166ஆம் பிரிவின் 'குடும்ப வாழ்வு அடியோடு குலைந்தது' என்ற காரணத்தில் போங்கள். அதில் அன்று தள்ளியதும், போனில் தலாக் சொன்னதும், நான்கு மாதம் பணம் கொடுக்காமல் இருந்ததும் அவர் மேல் குற்றமாக நிற்கும். இதே காரணத்துக்காக, இப்போது "எல்லாவற்றையும் மறந்துவிடுகிறேன், வந்துவிடுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் எழுதாதீர்கள்.

ஆதாரங்களை மனுக் கட்டத்திலேயே பட்டியலிட்டுவிட வேண்டும். மனு, பதில், மறுபதில், அதற்குப் பதில் என்று இரண்டிரண்டு வாரக் கெடுவில் நான்கு காகிதங்கள் பரிமாறப்படும். அதற்குப் பின் புதிய சம்பவம் எதையும் உள்ளே கொண்டுவர விட மாட்டார்கள். நல்ல வழக்குகள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அடுத்த வீட்டுக்காரர் அன்று சத்தம் கேட்டாரா, பள்ளிக்கு யார் கூட்டிப் போகிறார்கள் என்று ஆசிரியர் சொல்வாரா, தடுப்பூசிக்குக் குடும்ப மருத்துவரிடம் யார் போனார்கள் என்று ஆளையும் தேதியையும் குறித்துவையுங்கள். உங்களுக்கு வந்த செய்திகளைக் காட்டலாம். அவருடைய போனில் உளவுச் செயலி போட்டு எடுத்ததைக் காட்ட முடியாது. சட்டவிரோதமாக எடுத்த ஆதாரத்தை நீதிமன்றம் தொடாது, உங்கள் மேலேயே தனி வழக்கு வரும்.

2003-இல் வந்த 4787ஆம் எண் சட்டத்தின்படி குடும்ப நீதிமன்றத்தில் உளவியலாளர், பெடகோக் எனப்படும் குழந்தைக் கல்வி நிபுணர், சமூகப் பணியாளர் ஆகியோர் இருப்பார்கள். இவர்கள் தரும் சமூக ஆய்வு அறிக்கையே பிள்ளைகளின் பொறுப்பைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது. வீட்டுக்கு வருவார்கள், பிள்ளைகளைத் தனியே உட்கார வைத்துப் பேசுவார்கள். வீட்டின் அழகை அவர்கள் பார்ப்பதில்லை. பையனின் புத்தகப்பை எங்கே தொங்குகிறது, நீங்கள் வேலைக்குப் போனால் மகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள், காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்று பார்ப்பார்கள். அப்பாவைப் பற்றிப் பிள்ளை எப்படிப் பேசுகிறது என்பதையும் கவனிப்பார்கள். "அப்பா கெட்டவர், அம்மா போதும்" என்று ஏழு வயதுப் பையன் பெரியவர்கள் வாக்கியத்தில் ஒப்பித்தால், சொல்லிக் கொடுத்தது யார் என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு ஐந்து நிமிடம் ஆகாது. பையனுக்கு எதையும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். அவனும் அப்பாவும் போனில் பேசுவதைத் தடுக்கவும் வேண்டாம். வழக்கு முடியும்வரை வீடு, பள்ளி எதையும் மாற்றாதீர்கள்.

வன்முறைக்கு 6284ஆம் எண் சட்டம் இருக்கிறது, 2012-இல் வந்தது. 2021-இல் துருக்கி, பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்கும் இஸ்தான்புல் உடன்படிக்கையிலிருந்து விலகியதும் அந்தப் பாதுகாப்பே போய்விட்டது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த உள்நாட்டுச் சட்டம் அப்படியே இருக்கிறது. பாதுகாப்பு உத்தரவுக்கு ஆதாரம் காட்டத் தேவையில்லை, கட்டணம் கிடையாது, நாட்டுக் குடியுரிமையும் பார்ப்பதில்லை. முதல் உத்தரவு அதிகபட்சம் ஆறு மாதம், நீட்டிக்கலாம். மீறினால் 3 முதல் 10 நாள் சிறை, திரும்பத் திரும்ப மீறினால் 15 முதல் 30 நாள். இதே உத்தரவில் பிள்ளைகளின் தற்காலிகப் பொறுப்பும் செலவுத் தொகையும் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. அவர் மிரட்டினாலோ, பையனைப் பள்ளி வாசலிலிருந்து தூக்கிக்கொண்டு போவேன் என்றாலோ அன்றே போங்கள். அவசரத்துக்கு 112, ஆலோசனைக்கு 183. ஆனால் வழக்கில் மேல்கை எடுப்பதற்காக மட்டும் இதைப் போடச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். பிள்ளைகள் விஷயத்தை முடிவு செய்யப்போகிறவரும் அதே வளாகத்துக் குடும்ப நீதிபதிதான்.

பணம். விவாகரத்து வேண்டுமா என்று மனம் இன்னும் முடிவு செய்யவில்லை என்றாலும், சிவில் சட்டத்தின் 197ஆம் பிரிவில் தனியாக வாழும் காலத்துக்குச் செலவுத் தொகை வாங்கலாம். விவாகரத்தானால் பிள்ளைகளுக்கு 18 வயது வரை, படிப்பு தொடர்ந்தால் அதற்கு அப்பாலும், தகப்பன் பங்கு உண்டு. இதற்கு நிலையான சதவீதம் கிடையாது. பிள்ளையின் தேவை, இருவரின் வருமானம் இரண்டையும் வைத்து நீதிபதி எழுதுவார். போலீஸ் மூலம் வருமான விசாரணையும் நடக்கும். சம்பளச் சீட்டில் குறைந்தபட்சக் கூலியைக் காட்டிவிட்டு மீதியைக் கையில் வாங்குவது அங்கே சகஜம். அதனால் அவருடைய கார், வாடகை வரவு, கடன் அட்டைச் செலவு என்று தெரிந்ததையெல்லாம் எழுதிக் கொடுங்கள். லிராவில் எழுதிய தொகை, துருக்கியின் விலைவாசி ஓட்டத்தில் இரண்டு வருடத்தில் பால், பிரெட்டுக்குக்கூடக் காணாது. 330ஆம் பிரிவுப்படி அடுத்தடுத்த ஆண்டுகளில் எப்படி உயர வேண்டும் என்று நீதிபதி இப்போதே எழுதிவிடலாம், ஆனால் யாராவது கேட்டால் மட்டும். மனுவில் 'ஒவ்வோர் ஆண்டும் விலைக் குறியீட்டின்படி உயர்வு' என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு உயர்வுக்கும் ஒரு வழக்கு. கொடுக்காமல் இழுத்தால் இஜ்ரா எனப்படும் நிறைவேற்று அலுவலகம் சம்பளத்திலிருந்தே பிடிக்கும். புகார் கொடுத்தால் மூன்று மாதம் வரை சிறை, பணம் கட்டியதும் விடுவார்கள்.

வீடு அவர் பெயரில் இருந்தாலும் அது குடும்ப வீடு. 194ஆம் பிரிவுப்படி உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. நாளையே தாபு எனப்படும் நிலப்பதிவு அலுவலகம் போய், திருமணப் பதிவு நகலும் வசிப்பிடச் சான்றும் கொடுத்து, 'குடும்ப வீடு' என்று பதிவில் குறிப்பு ஏற்றுங்கள். இதற்கு அவர் கையெழுத்து வேண்டாம். திருமணத்துக்குப் பின் உழைத்து வாங்கிய சொத்து என்றால், கடன் போக மிஞ்சும் மதிப்பில் பாதி உங்கள் கணக்கு. அது தனி வழக்கு, விவாகரத்துக்குப் பின்னும் நடத்தலாம்.

தங்கம் கொஞ்சம் சிக்கல். முன்பெல்லாம் கல்யாணத்தில் யாருக்கு யார் போட்டாலும் பெண்ணுடையது என்று யார்கிதாய் சொல்லிவந்தது. 2024-இல் போக்கு மாறி, வேறு ஒப்பந்தமோ ஊர் வழக்கமோ இல்லாவிட்டால், போடப்பட்டவருக்கே சொந்தம், பெண்கள் மட்டும் அணியும் வளையல், நெக்லஸ் போன்றவை பெண்ணுக்கு என்றாகியிருக்கிறது. அதை விடப் பெரிய தடை வேறு. தங்கம் பெண்ணிடம்தான் இருக்கும் என்பதே நீதிமன்றத்தின் தொடக்க அனுமானம். மாமியாரிடம் இருக்கிறது என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். கல்யாண வீடியோவை எடுத்து, எந்த வளையல், எத்தனை நாணயம், உங்கள் உடையில் யார் குத்திவிட்டார்கள் என்று நேரக் குறிப்போடு எழுதிவையுங்கள். மாமியாரிடம் சண்டை போடாமல், "தங்கம் உங்களிடம் பத்திரமாக இருக்கிறதா, அத்தை?" என்று சாதாரணமாக ஒரு செய்தி அனுப்புங்கள். "இருக்கிறது" என்று ஒரு பதில் வந்தால் போதும். கேட்கும் மதிப்புக்கு ஏற்ற நீதிமன்றக் கட்டணம் இதற்கு உண்டு.

அவர் சமாதானமாகப் பிரியத் தயாரானால், ஒப்புதல் விவாகரத்து உங்களுக்கு நல்லது. கோவைக்கு வருவதற்கான நேரான பாதையும் அதுதான். திருமணமாகி ஒரு வருடம் முடிந்திருந்தால் போதும், பெரும்பாலும் ஒரே விசாரணையில் முடியும். நீதிபதி முன் இருவரும் நேரில் நிற்க வேண்டும், வழக்கறிஞர் மட்டும் போனால் ஆகாது. ஒப்பந்தத்தில் என்ன எழுதுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம். கூட்டுப் பொறுப்பு இப்போது துருக்கியில் ஒப்புக்கொள்ளப்படுகிறது, கேட்க நாகரிகமாகவும் இருக்கும். இந்தியா போக நினைக்கும் நீங்கள் அதில் கையெழுத்துப் போடாதீர்கள். பாஸ்போர்ட், பள்ளி, ஊர் மாற்றம் ஒவ்வொன்றுக்கும் அவர் கையெழுத்தைத் தேடி அலைய வேண்டிவரும். பொறுப்பு தாய்க்கு, பிள்ளைகள் தாயோடு இந்தியாவில் வசிக்கத் தகப்பன் சம்மதிக்கிறார், பாஸ்போர்ட் புதுப்பிக்கவும் சம்மதம் என்று தெளிவாக எழுதுங்கள். வழக்கமாக எழுதப்படும் 'முதல், மூன்றாம் வார இறுதி, சனி காலை 10 முதல் ஞாயிறு மாலை 6 வரை' என்ற சந்திப்பு அட்டவணை கோவைக்குப் பொருந்தாது. கோடையில் தொடர்ச்சியாக எத்தனை வாரம், எந்தத் தேதி முதல், டிக்கெட் யார் எடுப்பது, யார் கூட வருவது, வாரத்தில் எந்த நாள் இந்திய நேரம் எத்தனை மணிக்கு வீடியோ அழைப்பு என்று எழுதுங்கள். பாட்டிக்கும் ஒரு வரி எழுதிவிடுங்கள். 325ஆம் பிரிவுப்படி அவரால் தனியாக வழக்குப் போட முடியும், முதலிலேயே கொடுத்துவிட்டால் மாமியாரின் பாதி எதிர்ப்பு அடங்கும். பிள்ளைகளின் பராமரிப்புத் தொகை வேண்டாம் என்று எழுதச் சொன்னால் எழுதினாலும் பெரிய பாதகமில்லை, அது பிள்ளைகளின் உரிமை என்பதால் பின்னால் கேட்கலாம். உங்களுக்கான ஜீவனாம்சத்தையும் இழப்பீட்டையும் விட்டுக்கொடுத்தால் அது போனது போனதுதான்.

பிள்ளைகளை ஒப்படைக்கும் இடத்தில் முன்பு இஜ்ரா அதிகாரியும் போலீசும் நின்ற காட்சி இப்போது இல்லை. 2021 நவம்பரில் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, நீதிமன்ற வளாகத்தின் பாதிக்கப்பட்டோர் உதவி இயக்ககம் நிபுணர் ஒருவரை வைத்து, அதற்கென்ற இடத்தில், கட்டணமில்லாமல் செய்கிறது. சந்திப்பு நாளில் பிள்ளையைக் காட்ட மறுத்தால் சிறை வரை போகும். உங்களுக்கும் அதே விதி.

தீர்ப்பு இறுதியானதும் அதன் மேல் 'இறுதியானது' என்ற முத்திரைக் குறிப்பு வாங்கி, அப்போஸ்டில் (வெளிநாட்டில் ஏற்கப்படும் சான்றொப்பம்) போட்டு, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள். இரு நாடுகளும் அப்போஸ்டிலை ஏற்பவை. கல்யாணம் துருக்கிச் சட்டத்தில் நடந்தது, வழக்கிலும் நீங்களே பங்கெடுத்தீர்கள் என்பதால் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி இந்தியாவில் அது செல்லுபடியாகும். மறுமணம் பற்றி இப்போது நினைக்க மாட்டீர்கள் என்றாலும் தெரிந்திருக்கட்டும்: பெண்ணுக்கு 300 நாள் காத்திருப்பு என்று துருக்கிச் சட்டத்தில் இன்னும் இருக்கிறது. கர்ப்பமில்லை என்று மருத்துவச் சான்று காட்டி நீதிமன்றத்தில் அதை நீக்கிக்கொள்ளலாம். இத்தா என்ற இஸ்லாமியக் காத்திருப்புக் காலத்தை விட்டொழித்த நாடு இதை மட்டும் ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று கேட்காதீர்கள். 2023-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் இதை உரிமை மீறல் என்றே சொன்னது.

கடைசியாக உங்கள் தங்கும் அனுமதி. வேலை அனுமதி இருந்தால் அதுவே தங்கும் அனுமதி, கவலையில்லை. குடும்ப அனுமதியில் இருக்கிறீர்கள் என்றால், விவாகரத்தானதும் அதன் அடிப்படை போய்விடும். குறைந்தது மூன்று வருடம் குடும்ப அனுமதியில் இருந்தவருக்குக் குறுகிய கால அனுமதி கொடுக்க 6458ஆம் எண் சட்டத்தின் 34ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. வன்முறைக்கு ஆளானது நீதிமன்ற உத்தரவில் பதிவாகியிருந்தால் அந்த மூன்று வருடமும் பார்ப்பதில்லை. இப்போதைய அட்டையின் காலாவதித் தேதியை இன்றே பாருங்கள். முடிவதற்கு 60 நாள் முன்பிருந்து இணையத்தில் புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம், தேதி தாண்டிவிட்டால் கஷ்டம்.